எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?

செப்டம்பர் 9, செவ்வாய்

அண்ணிக்கு,

உறையின் பின்பக்கம் அனுப்புநர் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். முகவரியையும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கோணல்மாணலாக எழுதினேன். நான் என்று தெரிந்தால் பிரிக்காமலே குப்பையில் போட்டுவிடுவீர்கள் என்ற பயம்தான். இப்போது பிரித்துவிட்டீர்கள். போடுவதானாலும் கடைசி வரி வரை படித்துவிட்டுப் போடுங்கள்.

அண்ணன் போன அன்று, இனி என் குரல் போனில் கூட உங்கள் வீட்டுக்குள் வரக் கூடாது என்று சொன்னீர்கள். பதினொரு மாதமாக வரவில்லை. கடிதத்துக்குக் குரல் கிடையாதே, அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். நான் குரல் கொடுக்கும் ஸ்டுடியோவுக்குப் பொது மருத்துவமனையின் உதவி எண் வேலை வந்திருக்கிறது. எல்லா ஊருக்கும் ஒரே எண். ஃப்ளூ காய்ச்சல் பரவும் மாதங்களில், அழைப்பவர்கள் காத்திருக்கும் நேரத்தில் ஓர் அறிவிப்பு ஓட வேண்டுமாம். ஃப்ளூ எது, சாதாரண சளி எது என்று ஆரம்பத்திலேயே பிரித்துத் தெரிந்துகொள்வது எப்படி என்று சொல்ல வேண்டும். எழுபது நொடி. மானேஜர் தாளை நீட்டினார்.

"மூக்கடைப்பு, தும்மல், காய்ச்சல், இருமல், தொண்டை வலி, உடல் வலி, தலைவலி, அசதி ஆகியவை காணப்பட்டால் மருத்துவரை அணுகவும்."

அவ்வளவுதான். இதில் எது சளி, எது ஃப்ளூ? இதைக் கேட்டால் தும்முகிறவன் எல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஓடுவான், ஓட வேண்டியவன் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுப்பான்.

ஆனாலும் வேலை வேலைதானே. மைக் முன்னால் உட்கார்ந்தேன். முதல் இரண்டு சொல் வந்தது. "காய்ச்சல்" என்ற இடத்தில் வாய் நின்றுவிட்டது. பதினைந்து வருஷத்தில் இப்படி ஆனதில்லை. மானேஜர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "என்னம்மா, தொண்டை சரியில்லையா?" என்றார். "ஆமா சார், சளி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். சொன்ன பொய்யைப் பாருங்கள்.

அக்டோபர் கடைசி வரை தவணை வாங்கியிருக்கிறேன். தாளைத் திருத்திக் கொடுத்தால் ஆஸ்பத்திரியில் பார்ப்பார்களாம். அண்ணி, அன்றைக்கு நான் கேட்டது ஒரு குரலை மட்டும்தான். கண்ணால் பார்த்தவர் நீங்கள். அண்ணன் உடம்பு முடியாமல் வந்தபோது நீங்கள் முதலில் பார்த்தது எது? அதை மட்டும் எழுதுங்கள்.

வாலு எப்படி இருக்கிறாள்? எட்டு வயது முடிந்திருக்குமே. அத்தை போனுக்குள் குடியிருக்கிறாள் என்று இன்னும் நம்புகிறாளா?

மைக்கு


செப்டம்பர் 19, காலை 5.50

உன் கடிதம் 15ஆம் தேதி வந்தது. உறையைப் பார்த்ததுமே நீ என்று தெரிந்துவிட்டது. எனக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் யாரும் கடிதம் போடுவதில்லை.

உன் குரல் என் வீட்டுக்குள் வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். தவறு. கரண்ட் போனால் மின்சார அலுவலகத்துக்குப் போன் செய்கிறேன், நீ வருகிறாய். தண்ணீர் வராவிட்டால் நீ. வங்கியில் நீ. உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்கிறாய். அவருடைய இறப்புச் சான்றிதழுக்காக நகராட்சிக்குப் போன் செய்தேன். "இறப்புச் சான்றிதழுக்கு எண் நான்கை அழுத்தவும்" என்றாய். அழுத்தினேன். வேறு என்ன செய்ய?

பஸ் நிலையத்தில் டைம் கீப்பர் கூண்டில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு நூற்றுப் பத்து பஸ் வரும் நேரமும் போகும் நேரமும் எழுதுகிறேன். ஒன்றைத் தப்பாக எழுதினால் விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வரும். "வெறும் சளிதான் அண்ணி, ஆவி பிடிக்கச் சொல்லுங்க" என்று சொன்னாய். ஒன்பதாம் நாள் அவர் இல்லை. உனக்கு யார் மெமோ கொடுத்தார்கள்?

ஆவி பிடிக்கச் சொன்ன அதே வாயால் இப்போது ஊருக்கே சொல்லப் போகிறாய். சொல்லிக்கொள். என்னைக் கேட்காதே.

அவள் நன்றாக இருக்கிறாள்.

பி.கு. அந்தத் தாளில் மூக்கடைப்பை ஏன் முதலில் வைத்திருக்கிறார்கள்? அவருக்கு மூக்கு கடைசியில்தான் வந்தது. அதுவும் பேருக்கு.


செப்டம்பர் 25, வியாழன்

அண்ணிக்கு,

மெமோ கிடைத்தது. விளக்கம் எழுதுகிறேன்.

பதினைந்து வருஷமாக ஸ்டுடியோவில் நாங்கள் பயப்படும் நோய் ஒன்றே ஒன்றுதான், மூக்கடைப்பு. சளி பிடித்தவர் "மாலை" என்றால் "பாலை" என்று விழும். அன்றைக்கு அவருக்கு வேலை கிடையாது, வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். காய்ச்சல், கால்வலி எதைப் பற்றியும் எங்களுக்குக் கவலை இல்லை. மூக்கு திறந்திருந்தால் ஆள் நலம். இப்படியே பழகிப்போன காது என்னுடையது.

அன்று மாலை ஆறு மணிக்கு நீங்கள் போனை அண்ணன் வாயருகே பிடித்தீர்கள். "ஒரே அசதியா இருக்குடி மைக்கு" என்றான். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஸ்டுடியோவுக்குப் புதிதாக வருகிறவர்களைச் சோதிப்பது மாதிரி, "மானாவுல ஆரம்பிக்கிற மாதிரி வரிசையா நாலு வார்த்தை சொல்லு, பாக்கலாம்" என்றேன். அவன் கொஞ்சம் யோசித்து, "மைக்கு, மணிக்கூண்டு, மாமியார், மூணு பேரும் என் மண்டையை மெல்லுறாங்க" என்றான். நான், நேரம் பார்க்கிற நீங்கள், உங்கள் அம்மா, மூன்று பேரையும் ஒரே வரியில் வாரிவிட்டான். ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக விழுந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மூக்கு பளிச்சுனு இருக்கு, பெருசா ஒண்ணுமில்ல, சளி பிடிக்கப் போகுது" என்று தீர்ப்புச் சொன்னேன். மருந்து சாப்பிட்டால் ஒரு வாரம், சாப்பிடாவிட்டால் ஏழு நாள் என்ற அரதப் பழசான ஜோக்கையும் சொன்னேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் தன் வாயால் அண்ணனைக் கெடுத்தது.

அவன் என்னிடம் பேசிய கடைசி வாக்கியம் அந்த மானா வரிதான். அடுத்து நான் வந்து பார்த்தபோது முகத்தில் மாஸ்க் இருந்தது, பேச்சு இல்லை. இருக்கிற எல்லா அலுவலகத்துக்கும் குரலைப் பதிந்து கொடுத்திருக்கிறேன். அண்ணன் குரல் என்னிடம் ஒரு நொடி கூட இல்லை, அண்ணி. மண்டையை மெல்லுகிற அந்த ஒரு வரியைத்தான் தினமும் மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன்.

விளக்கம் இவ்வளவுதான். ஏற்றுக்கொள்ள வேண்டாம், கோப்பில் வையுங்கள்.

மூக்கு கடைசியில் வந்தது என்று எழுதினீர்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அப்படியானால் முதலில் வந்தது எது? திட்டிக்கொண்டே எழுதினாலும் சரி.

மைக்கு


அக்டோபர் 4, மதியம் 2.15

கூண்டிலிருந்து எழுதுகிறேன். நடுவில் பஸ் வந்தால் நிறுத்துவேன்.

முதலில் வந்தது கால்.

அன்று காலை நன்றாகத்தான் வேலைக்குப் போனார். சாயங்காலம் நாலு மணிக்கு டீ குடிக்கும்வரை ஒன்றுமில்லை என்று அவரே சொன்னார். 4.25க்கு வீட்டுக்கு வந்தார். ஊர் லிப்டையெல்லாம் பழுது பார்ப்பவர் எங்கள் கட்டட லிப்டில் ஏறமாட்டார், படியில்தான் வருவார், உனக்குத் தெரியும். மூன்று மாடியையும் விசிலடித்துக்கொண்டே ஏறுகிற ஆள். விசில் பாதியில் நின்றது. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் டூல்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இந்தப் படிக்கட்டை யாரு இவ்ளோ நீளமாக்கினது?" என்றார். பல் கிடுகிடுவென்று அடித்தது. நெற்றியில் கை வைக்க முடியவில்லை, அப்படிக் கொதித்தது. கண்ணை உருட்டினால் வலிக்கிறது, தலைமுடி கூட வலிக்கிறது என்றார். தும்மல் ஒன்று கூட இல்லை.

2.31. ஐந்தாம் நம்பர். சரியான நேரம்.

அதற்கு முந்தின மாதம்தான் அவருக்குச் சளி பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை தொண்டை கரகரப்பு மாதிரி இருந்தது. திங்கள் தும்மல். செவ்வாய் மூக்கு ஒழுகியது. புதன் இரண்டு கைக்குட்டையோடு வேலைக்குப் போய்விட்டார், மூக்கு மட்டும் தக்காளி மாதிரி. அந்தச் சளி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் என்னாலேயே சொல்ல முடியாது. ஞாயிறா, சனியா? டைம் போடாத வண்டி மாதிரி எப்போதோ உள்ளே வந்து நின்றிருந்தது. காய்ச்சலுக்கு நேரம் தெரியும். 4.25. என் கடிகாரத்தில் பார்த்தேன். அது என் பழக்கம்.

இனி எழுதப் போவதை யாரிடமும் சொன்னதில்லை.

ஆறு மணிக்கு உனக்குப் போன் செய்தபோது அந்த நேரம் என் நாக்கு நுனியில் இருந்தது. திடுமென்று வந்தது, படியிலேயே உட்கார்ந்துவிட்டார் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார். "படிக்கட்டுல உக்காந்ததை அவகிட்ட சொல்லிடாதே. லிப்ட் மெக்கானிக்கை வருஷம் பூரா ஓட்டுவா." எனக்கும் சிரிப்பு வந்தது. சொல்லாமல் போனை அவர் வாயருகே பிடித்தேன்.

நீ கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. இத்தனை மாதமாக எல்லாரிடமும் உன் பாதியை மட்டும்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது உனக்குச் செய்த அநியாயம்.

2.44. பதினேழாம் நம்பர். ஆறு நிமிடம் தாமதம்.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. எழுந்து உட்கார்ந்து அவளோடு சீட்டு விளையாடினார். நீ சொன்ன ஏழு நாள் கூட ஆகவில்லையே என்று நான் டூட்டிக்குக் கிளம்பிவிட்டேன். ஐந்தாம் நாள் திரும்பி வந்தது. முன்னைவிட அதிகம். மூச்சு வாங்கியது, இன்ஹேலருக்கு அடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "எப்ப ஆரம்பிச்சது?" தேதி, மணி, நிமிடம் எல்லாம் சொன்னேன். எழுதிக்கொண்டே, "வீசிங் இருக்கிற உடம்பு. ஃப்ளூவுக்குன்னே மருந்து இருக்கும்மா. இப்பவும் குடுப்போம். முதல் ரெண்டு நாளுக்குள்ள ஆரம்பிச்சிருந்தா நல்லா வேலை செஞ்சிருக்கும்" என்றார். காப்பாற்றியிருக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாததுதான் உறுத்துகிறது.

வருகிற 17ஆம் தேதி வருஷம் ஆகிறது.

2.58. நிறுத்துகிறேன்.


அக்டோபர் 12, ஞாயிறு

அண்ணிக்கு,

ஓட்டியிருப்பேன். பொய் சொல்லமாட்டேன். படிக்கட்டில் உட்கார்ந்த லிப்ட் மெக்கானிக்கை ஒரு வருஷம் இல்லை, பத்து வருஷம் ஓட்டியிருப்பேன். அவனுக்கு என்னைத் தெரியும். என் வாய்க்குப் பயந்துதான் அவன் மறைத்தான் என்பதை உங்கள் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன். அழுது முடித்துவிட்டு எழுதுகிறேன், எழுத்து கொஞ்சம் கலங்கியிருக்கும்.

அநியாயம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை. நம் இரண்டு பேருக்கும் மிச்சமிருக்கிற சுற்றமே ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும்.

உங்கள் கடிதத்தில் இருந்ததைத் தாளில் வரிசையாக எழுதி ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போனேன். அறிவிப்புக்குப் பொறுப்பான டாக்டரம்மா கறாரான ஆள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "அறிகுறியை மட்டும் வெச்சு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கிறதும் உண்டு. மூக்கு ஒழுகினாலும் ஃப்ளூவா இருக்கலாம். வயசானவங்களுக்குக் காய்ச்சலே இல்லாம வரும். சோதனை பண்ணாத்தான் நிச்சயம்" என்றார்.

"நிச்சயம் வேண்டாம் டாக்டர், சந்தேகம் வந்தாப் போதும். சந்தேகம் முதல் நாளே வரணும்" என்றேன்.

தாளின் முதல் வரியில் விரலை வைத்தார். "எத்தனை மணிக்குன்னு கேக்கிறது யாரோட யோசனை?" என்றார். எங்க அண்ணி, பஸ் நிலையத்துல டைம் கீப்பர் என்றேன். "நாங்க படிக்கிறப்போ 'திடீர்த் தொடக்கம்'னு நாலு பக்கம் படிச்சோம். இவங்க ஒரு வரியில கேட்டுட்டாங்க" என்றார். உங்களைப் பாராட்டியதை நான் அப்படியே எழுதிவிட்டேன், உங்களுக்குப் பிடிக்காது என்று தெரிந்தும்.

வரைவு இதுதான்:

"அன்பார்ந்த பொதுமக்களே, வணக்கம். உங்கள் வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லையா? எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று சொல்ல முடிகிறதா? சளி மெல்ல வரும். தொண்டை கரகரக்கும், தும்மல் வரும், மூக்கு ஒழுகும், ஆனாலும் நடமாட முடியும். ஃப்ளூ பெரும்பாலும் திடீரென்று வரும். குளிர் நடுக்கம், கடும் காய்ச்சல், தலைவலி, உடம்பு முழுக்க வலி, வறட்டு இருமல், எழுந்து நிற்க முடியாத அசதி. மூக்கு அடைக்கவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். வீசிங், சர்க்கரை நோய், இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள் சந்தேகம் வந்தாலே, முதல் இரண்டு நாட்களுக்குள் மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத் திணறினால், நெஞ்சு வலித்தால், இறங்கிய காய்ச்சல் திரும்ப ஏறினால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்."

நீங்கள் சரி என்றால்தான் பேசுவேன். வேண்டாம் என்றால் அந்தப் பழைய தாளையே வேறு யாராவது படித்துவிட்டுப் போகட்டும்.

மைக்கு


அக்டோபர் 21, மாலை 6.05

மைக்குக்கு,

17ஆம் தேதி கடந்துவிட்டது. லீவு போடவில்லை. வண்டிகள் எல்லாம் அன்று சரியான நேரத்துக்கு வந்தன. அதில் எனக்குக் கொஞ்சம் கோபம்.

திருத்தங்கள்.

அன்பார்ந்த பொதுமக்களே வேண்டாம். மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறது. ஒருவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் நிற்கிறார், அவரிடம் பேசு.

மூச்சுத் திணறலைக் கடைசியில் வைத்திருக்கிறாய். முதலில் வை. மூச்சுத் திணறுகிற வீட்டில் எழுபது நொடி யாரும் காத்திருக்கமாட்டார்கள். முதல் வரியைக் கேட்டதும் போனை வைத்துவிட்டு ஓடட்டும்.

எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு நீ உடனே சளிக்குத் தாவுகிறாய். பஸ் கூட ஸ்டாப்பில் நிற்கும். மூன்று நொடி நிறுத்து. யோசித்துப் பார்க்க அவகாசம் கொடு. பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

"எழுந்து நிற்க முடியாத அசதி" என்பது போதாது. எல்லாருக்கும் எல்லா நாளும் அசதிதான். "தினமும் ஏறுகிற படியை இன்று ஏற முடியவில்லையா?" என்று கேள். அவர் மானம் போனால் போகட்டும். ஊர் பூராவும் அவரை ஓட்டட்டும்.

மெதுவாகப் பேசு. நீ கரண்ட் ஆபீசில் பேசுகிற வேகம் வேண்டாம்.

அவ்வளவுதான். பேசு.

அவளைப் பற்றிக் கேட்டிருந்தாய். அப்பாவின் விசிலும் வந்திருக்கிறது, அப்பாவின் வீசிங்கும் வந்திருக்கிறது. பனிக்காலத்தில் இன்ஹேலர் பையிலேயே இருக்கிறது. அவள் ஒரு முறை இருமினால் எனக்கு உயிர் போய் வருகிறது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். பெற்ற பிள்ளைக்கு வந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். அத்தை போனுக்குள் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்புறம் எங்கே இருக்கிறாள் என்று கேட்கிறாள்.

போன் மட்டும் இப்போதைக்கு வேண்டாம். கடிதம் போடு.


நவம்பர் 3, திங்கள்

அண்ணிக்கு,

பேசிவிட்டேன். எழுபத்தாறு நொடி வந்தது. மூன்று நொடியை வெட்டுங்கள், காத்திருப்பவர்கள் லைன் கட்டாகிவிட்டது என்று நினைப்பார்கள் என்றார் மானேஜர். அது எங்க அண்ணியோட மூணு நொடி, அதை வெட்டறதா இருந்தா என்னையும் சேர்த்து வெட்டுங்க என்றேன். டாக்டரம்மாவிடம் கேட்டார்கள். இருக்கட்டும் என்றுவிட்டார்.

பதினேழு டேக் ஆனது. படி வருகிற இடத்தில் ஒவ்வொரு முறையும் குரல் உடைந்தது. கடைசியில் என்ன செய்தேன் தெரியுமா? அண்ணன் திருப்பத்தில் உட்கார்ந்திருக்கிறான், நான் மேல் படியிலிருந்து அவனைக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். கேலியாக இல்லை, சும்மா. அப்போது வந்துவிட்டது.

இன்று முதல் ஓடுகிறது. நீங்கள் கேட்க வேண்டிய அவசியமே வராமல் இருக்கட்டும்.

மைக்கு


நவம்பர் 24, திங்கள்

அண்ணிக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. பேசியதில் ஏதாவது பிசகா? கேட்டீர்களா? கேட்டுப் பிடிக்கவில்லையா? இல்லை, கேட்கவே இல்லையா? போன் செய்யலாம் என்று நாலு முறை எடுத்து நாலு முறை வைத்துவிட்டேன். சொன்ன சொல் சொன்ன சொல்தான்.

இங்கே ஸ்டுடியோவில் பாதிப் பேர் தும்முகிறார்கள். இப்போதெல்லாம் யார் வந்தாலும் மூக்கைக் கேட்பதில்லை. எப்ப ஆரம்பிச்சது என்று கேட்கிறேன். எனக்கு டாக்டர் என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

ஒரு வரி போடுங்கள். ஒன்றுமில்லை என்றாலும் ஒன்றுமில்லை என்று போடுங்கள்.

மைக்கு


டிசம்பர் 3, காலை 10.20

மைக்குக்கு,

முதல் கடிதத்துக்குப் பதில் போடாதது சோம்பல். இரண்டாவதற்குப் போடாததற்குக் காரணம் இருக்கிறது. பயப்படாதே, அவள் இப்போது நன்றாக இருக்கிறாள். முக்கியமானதை முதலில் வை என்று உன் வரைவைத் திருத்தியவள் நான்தானே, அதனால் அதை முதலில் எழுதிவிட்டேன்.

நவம்பர் 25, செவ்வாய். பள்ளியிலிருந்து டீச்சர் போன் செய்தார். "கணக்கு வகுப்புல தலையை டெஸ்க்குல வெச்சவ எடுக்கவே இல்லைங்க. சளி பிடிக்கும்போல இருக்கு, கூட்டிட்டுப் போயிடுறீங்களா?" எத்தனை மணிக்கு என்று கேட்டேன். டீச்சருக்குப் புரியவில்லை. எத்தனை மணிக்குத் தலையை வைத்தாள் என்று திரும்பக் கேட்டேன். 11.10. அதற்கு முன்னால் விளையாட்டு வகுப்பில் ஓடியிருக்கிறாள்.

கூண்டை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனேன். நூற்று மூன்று காய்ச்சல். கால் வலிக்கிறது, தூக்கிக்கோ என்றாள். எட்டு வயதுப் பெண், நான் என்ன குழந்தையா என்று ஆறு மாதமாக என்னைத் தூக்க விடாதவள். மூக்கைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

12.25க்கு வீட்டிலிருந்து உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். ஒன்றை அழுத்திக் காத்திருந்தேன், நர்ஸ் வந்தார். வீசிங் என்று சொன்னேன், 11.10 என்று சொன்னேன். உடனே கூட்டிட்டு வாங்க என்றார். இரண்டு மணிக்கு டாக்டர் பார்த்தார். சோதனையில் ஃப்ளூ என்று வந்தது. 3.40க்கு முதல் வேளை மருந்து உள்ளே போனது. ஆரம்பித்து நாலரை மணி நேரம். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. நான் நம்பவில்லை. லீவை நீட்டித்துக்கொண்டு நாலு, ஐந்து, ஆறு, ஏழு என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மூச்சை எண்ணினேன். திரும்பி வரவில்லை. நேற்று விசிலடித்தாள். இன்று பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று நடிக்கிறாள், அதனால் குணமாகிவிட்டது என்று தெரிகிறது.

ஒன்றை இன்னும் எழுதவில்லை.

12.25க்குப் போன் செய்தபோது நர்ஸுக்கு முன்னால் நீ வந்தாய். அதுவரை நான் அந்த அறிவிப்பைக் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்றே இருந்தேன். மெதுவாகப் பேசுகிறாய். நன்றாக இருக்கிறது. மூச்சுத் திணறலைச் சொன்னாய், அவள் மூச்சைப் பார்த்துக்கொண்டேன். பிறகு, "எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று சொல்ல முடிகிறதா?" என்று கேட்டாய். கேட்டுவிட்டு நின்றாய்.

நான் கேட்டு வாங்கிய மூன்று நொடி. அதில் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. வாய் தானாகப் பதில் சொன்னது. 11.10 என்று சொல்லியிருக்க வேண்டும். "நாலு இருபத்தஞ்சு" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் கண்ணைத் திறக்காமலே, "யார்கிட்டம்மா பேசறே?" என்றாள்.

"அத்தைகிட்ட."

"அத்தை என்ன சொன்னாங்க?"

"எத்தனை மணிக்குன்னு கேட்டா" என்றேன். "சொல்லிட்டேன்."

14ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை எனக்கு மதிய ஷிப்ட். உன் ஊர் பஸ் 5.05க்கு உள்ளே வரும். அதில் வா. நேரத்தை நான்தான் எழுதுவேன், தாமதமாக வந்தால் சிவப்பு மையில் எழுதுவேன். கூண்டை ஒப்படைத்துவிட்டுச் சேர்ந்து வீட்டுக்குப் போகலாம். எங்கள் லிப்ட் வேலை செய்கிறது, ஆனாலும் படியிலேயே ஏறுவோம். நடுவில் எங்காவது உட்கார வேண்டும் போல இருந்தால் என்னிடம் சொல்லிவிடு. கேலி செய்வேன். ஆனாலும் சொல்லிவிடு.

மணிக்கூண்டு